இருபத்தெட்டாவது தைலம்மாள்

கள்ளக்குறிச்சியில் மலைப்பகுதிப் பயன் வழங்கல் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. பயன் வழங்குவது அதன் பணி. வழங்கியதைப் படம் எடுப்பது அதைவிட முக்கியமான பணி. பத்து ஆண்டுகளில் நாற்பத்தோராயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் இரண்டு', 'ஃபைனல்', 'உண்மையான ஃபைனல்', 'ஐயா கேட்டது' என்ற தலைப்புகளில் அவை ஐந்து கம்ப்யூட்டர்களில் பாதுகாப்பாகத் தொலைந்திருந்தன.

இந்நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் படங்களையும் புதிய மென்பொருளில் ஏற்றி, ஆண்டு, திட்டம், ஊர், ஆள் வாரியாகப் பிரித்து, மாத இறுதிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது. பிரிவு அலுவலர் தீனதயாளன் அதை மூன்று முறை படித்துவிட்டு, ஓரத்தில் 'தக்க நடவடிக்கை' என்று எழுதி, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தேவிப்ரியாவின் மேசைக்கு அனுப்பினார். தேவிப்ரியா வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒப்பந்த ஊழியர். அந்த அலுவலகத்தில் தக்க நடவடிக்கை என்றால் அவள்தான்.

மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது. முகத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு, ஒருவருடைய படங்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடும். நான்கு நாள் ஓடி முடித்தபோது தீனதயாளனின் ஃபோல்டரில் ஆயிரத்து நூறு படங்கள் சேர்ந்திருந்தன. அவருக்கு அதில் நியாயமான மகிழ்ச்சி.

அடுத்த பெரிய ஃபோல்டரில் ஒரு பெண் இருந்தாள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் சாமையும் தினையும் விதைக்கிற தைலம்மாள். இருபத்தேழு திட்டங்களில் இருபத்தேழு படம். தையல் மெஷின் வாங்கினாள், தேனீப் பெட்டி வாங்கினாள், ஆடு வாங்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவுப் பெட்டி வாங்கினாள். மலை உச்சியில் நின்று கடல் மீன் பிடிக்கும் வலை வாங்கினாள். எல்லாப் படத்திலும் பக்கத்தில் தீனதயாளன் நின்றார்.

காரணம் எளிது. ஜீப் நிற்கும் இடத்தில் முதல் வீடு அவளுடையது. ஃபிளாஷ் அடித்தால் ஊரில் மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள், அவள் மூடமாட்டாள். களப்பணியாளர் இருசப்பன் அவளை நிற்க வைத்துப் படம் எடுப்பார். எடுத்ததும் பொருளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். அங்கேயும் படம் எடுக்க வேண்டுமல்லவா.

அந்த ஆடிக்காற்றில் தைலம்மாள் வீட்டுக் கூரை பறந்து போனது. கூரைத் தகரம் கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு, மலையிறங்கும் முதல் பஸ்ஸைப் பிடித்து அலுவலகத்துக்கு வந்தாள். தீனதயாளன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஏம்மா, இருபத்தேழு திட்டம் வாங்கிக்கினு இருபத்தெட்டாவதுக்கு வந்து நிக்கிறீங்களே. மத்தவங்க இன்னா பண்ணுவாங்க?"

"வாங்கல சார். நின்னேன்."

"கையில இருக்குதே."

"ஃபோட்டோ புடிச்சதும் வாங்கிக்கினு போயிட்டாங்க சார்."

"வாங்கிக்கினு போனதுக்கு ஃபோட்டோ இருக்குதா?"

இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். அப்படியானால் அது நடக்கவில்லை என்று தீனதயாளன் பொறுமையாக விளக்கினார். மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்.

அவள் போன பிறகுதான் அவருக்கு வியர்த்தது. ஒரே ஆளுக்கு இருபத்தேழு திட்டம் என்று அறிக்கை மேலே போனால், அடுத்த கேள்வி பக்கத்தில் நிற்பவரிடம் வரும். படங்களை அழிக்கவும் முடியாது. எப்படியாவது ஒழுங்கு பண்ணும்படி தேவிப்ரியாவிடம் சொன்னார். தேவிப்ரியாவுக்கோ அந்தம்மாவுக்குக் கூரை கிடைத்தால் போதும் என்றிருந்தது. மென்பொருளில் 'இவர் வேறு ஒருவர்' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அதை அழுத்தினாள். தைலம்மாள் ஒன்று, தைலம்மாள் இரண்டு என்று தொடங்கி இருபத்தேழு பேர் பிறந்தார்கள். ஆளுக்கொரு எண்ணை மென்பொருளே கொடுத்தது. மனு கொடுத்த தைலம்மாள் இருபத்தெட்டாவது ஆனாள், எதுவுமே வாங்காதவளாக.

அறிக்கை மேலே போனது; பெயர் ஒன்றே என்பதால் கூரை மனு இருபத்தெட்டுப் பேர் கணக்கிலும் ஏறியிருந்தது. ஒரே சிற்றூரில் இத்தனை தைலம்மாள்கள் இருந்தும் ஒருவருக்கும் கூரை இல்லையே என்று மேலிடம் மனம் நெகிழ்ந்தது. இருபத்தெட்டுக் கூரைக்கும் தகரம் ஒதுக்கி, ஆட்களை நேரில் சரிபார்க்க ஆய்வு அலுவலர் செந்தமிழ்ச்செல்வியை அனுப்புவதாகக் கடிதம் வந்தது.

இருசப்பன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறினார். ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஒருநாள் மட்டும் தைலம்மாளாக இருந்தால் கூரைத் தகரம் வரும் என்றார். கூரை ஒழுகாத வீடு அந்த ஊரில் ஏது? பக்கத்து வீட்டுப் பெரியநாயகிதான் முதலில் பெயர் கொடுத்தாள். தைலம்மாளோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லாதவள், அவள் பெயரை அரை நிமிஷத்தில் மனப்பாடம் செய்தாள். இருபத்தேழு பேருக்கும் இருசப்பன் பதில் சொல்லிக் கொடுத்தார். உண்மையான தைலம்மாளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கு எதற்குப் பயிற்சி?

ஆய்வு நாளில் செந்தமிழ்ச்செல்வி டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருத்தியும் வந்து, பேரு தைலம்மாளுங்க, பொருள் வந்துச்சுங்க, வாழ்க்கை மேம்பட்டிடுச்சுங்க என்றாள். கடைசியாக வந்த தைலம்மாள் மட்டும், எதுவும் வரலைங்க, இவங்க யாரும் தைலம்மாள் இல்லைங்க என்றாள்.

செந்தமிழ்ச்செல்வி நேர்மையானவர். டேப்லெட்டை எடுத்து இருபத்தேழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இந்த இருபத்தேழு பேரோட படத்துலயும் உங்க முகம் இருக்குது. அடுத்தவங்க படத்துக்குள்ள நீங்க எதுக்கும்மா போனீங்க?"

ஆள்மாறாட்டம் செய்ததாகத் தைலம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது. 'தாங்கள் தைலம்மாள் அல்ல என்பதை ஏன் உறுதிசெய்யக் கூடாது' என்று அதில் கேட்டிருந்தார்கள். பதிவில் இருபத்தெட்டாவது தைலம்மாளுக்குப் பெயரும் முகவரியும் இருந்தன, முகம் மட்டும் நீக்கப்பட்டது.

விசாரணை கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் நடந்தது. செந்தமிழ்ச்செல்வி கேட்க, தீனதயாளன் பக்கத்தில் இருக்க, தேவிப்ரியா பதிவு செய்தாள். கூரையில்லாத வீட்டில் ஒரு மாதம் நனைந்துவிட்டு வந்திருந்தாள் தைலம்மாள். ஆய்வில் எடுத்த படங்களைத் திரையில் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். முதல் படத்தில் பெரியநாயகியைப் பார்த்தாள். இவளும் கூரை இல்லாதவள்தானே என்று தோன்றியிருக்க வேண்டும்.

"தைலம்மாளுங்க."

அடுத்த படம். தைலம்மாளுங்க. அடுத்தது. அதுவும் தைலம்மாளுங்க. இருபத்தேழும் முடிந்தபின் பழைய திட்டப் படம் ஒன்றில் தீனதயாளன் வந்தார், ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி.

"இவரு யாரு?"

தைலம்மாள் அவரைத் திரையில் ஒரு தரம், நேரில் ஒரு தரம் பார்த்தாள்.

"இவரும் தைலம்மாள்தாங்க. எல்லாத் தபாவும் கூடவே நின்னாரு."

தீனதயாளன் எழுந்துவிட்டார். விசாரணையில் சொன்னதைச் சொன்னபடி பதிவதே விதி என்று செந்தமிழ்ச்செல்வி அவரை உட்கார வைத்தார். தேவிப்ரியா விதிப்படி அவர் முகத்துக்குத் தைலம்மாள் என்று பெயர் கொடுத்துப் பொத்தானை அழுத்தினாள். முகம் இல்லாமல் காலியாகக் கிடந்த இருபத்தெட்டாவது இடத்தில் மென்பொருள் அவரை உட்கார வைத்தது.

அந்த மாதம்தான் அலுவலக வருகைப் பதிவையும் அதே மென்பொருளோடு இணைத்திருந்தார்கள். மறுநாள் காலை வாசல் கேமரா முன் தீனதயாளன் முகத்தைக் காட்டினார். "வருக, தைலம்மாள்" என்றது. பத்து நாள் அப்படியே சொன்னது. பதினோராம் நாள், அனுமதியின்றிப் பணிக்கு வராத தீனதயாளனிடம் விளக்கம் கேட்டு, பதிவில் தைலம்மாளாகிவிட்ட அவர் கையிலேயே ஒரு கடிதம் வந்து சேர்ந்தது.

மேலிடத்துக்கு எழுதினார். போன் செய்தார். நேரில் போனார். தாங்கள் தீனதயாளன் என்பதற்குப் படம் உள்ளதா என்று கேட்டார்கள். இருந்த ஆயிரத்து நூறும் தைலம்மாள் ஃபோல்டருக்குப் போய்விட்டன. கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். இருபத்தெட்டாவது பயனாளி கூரைத் தகரத்தைப் பெற்றுக்கொண்டால் கோப்பு முடியும், முடிந்த கோப்பில் பெயரைத் திருத்தலாம். தீனதயாளன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, 'பெற்றுக்கொண்டேன், தைலம்மாள்' என்று கையெழுத்திட்டார்.

தகரம் பதிவில் உள்ள முகவரிக்குப் போய் இறங்கியது. தைலம்மாள் அன்றே ஆளை வைத்துக் கூரை போட்டுவிட்டாள். ஒரு தகரம் மட்டும் மிஞ்சி வாசலில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து இருசப்பன் கேமராவோடு வந்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

"நான் எதுக்குங்க நிக்கணும்? நான் தைலம்மாள் இல்லைன்னு நோட்டீஸ் குடுத்துக்கிறீங்களே. கையெழுத்துப் போட்டவங்கள வந்து நிக்கச் சொல்லுங்க."

மறுநாள் தீனதயாளன் ஜீப்பில் மலையேறி வந்தார். பெரியநாயகி உட்பட ஊரே வேடிக்கை பார்க்க, தகரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார் இருசப்பன். சிரித்தார்.