இப்போது விழும், பாருங்கள்!

பனிச் சோதிடர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. சிலி நாட்டின் தென்கோடியில், பனியாறுகள் கடல்வரை வந்து மூக்கை நீட்டும் எங்கள் கரையில், படகுக்கு ஒருவர் நிச்சயம். புது மழைக்கோட்டுகளுக்கு நடுவே தையல் விட்ட கோட்டோடு ஏறி, முன்பக்க இடத்தை உரிமையோடு பிடித்து, இது தமக்கு எத்தனையாவது பயணம் என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லி, பனிமதில் கண்ணில் பட்டதுமே விரலை நீட்டி, "அதோ அந்த நீலத் துண்டு! இப்ப விழும் பாருங்க!" என்பார். எல்லோரும் பார்ப்பார்கள். விழாது. விழுந்தால் வேறு பக்கம் விழும்.

பத்தொன்பது வருடமாகப் படகு ஓட்டும் நெல்தா, விரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கப் பழகியவள். பயணிகளுக்கு இந்த ரகசியம் தெரியுமா, பாவம்!

அன்றைய சோதிடர் ஆணிக்கடை தோன் நொல்பெர்த்தோ; தோன் என்றால் எங்கள் ஊரில் ஐயா, தோன்யா என்றால் அம்மா. அவருக்குப் பக்கத்தில், கெட்ட நேரம், தோன்யா ஓதிலியா உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் நாற்பது வருடமாக ரொட்டிக்கடை வைத்திருப்பவள். பனி விழுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சுடச்சுட ரொட்டி விற்றிருக்கிறாளே தவிர, தான் ஒருமுறையும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் மகளோடு இருக்கத் தலைநகருக்கே போய்விடுகிறாள். அதற்குள் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

கரையிறங்கிக் காட்டு வழியே பனிமதிலை நோக்கி நடந்தார்கள். தோன் நொல்பெர்த்தோ பத்தடிக்கு ஒருமுறை கைத்தடியை ஊன்றி நின்றார்.

"நான் மொத தடவை வந்தப்ப பனி இங்க வரைக்கும் இருந்துச்சு, தோன்யா."

"அப்படியா? சரி, நடங்க."

"இந்த மரமே அப்ப கிடையாது."

மரத்துக்கு அப்பால் இடி இடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பனி விழுந்து முடிந்து, அலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இருந்த பனியைக் காட்டிக்கொண்டிருந்ததில் இருக்கிற பனி கைவிட்டுப் போயிற்று. தோன்யா ஓதிலியா கைக்குட்டையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள். நெல்தா அதைக் கவனித்துவிட்டாள்.

படகுக்குத் திரும்பி, மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே எஞ்சினை நிறுத்தினாள். கடல்மட்டம் இறங்கத் தொடங்குமுன் கிளம்பியாக வேண்டும். அரைமணி நேரம்தான் பாக்கி. எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தேக்கு, குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்; ஒருவர் குடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. போதும் என்பவர் 'நன்றி' சொல்ல வேண்டும்.

குடுவை தோன் நொல்பெர்த்தோவிடம் போனதும் நின்றுவிட்டது. அதைக் கையில் பிடித்தபடியே வலப்பக்கம் விழும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"தோன், அது மைக் இல்ல, குடிங்க!" என்றாள் நெல்தா.

"நான் அசல் தெக்கத்தியான், பொண்ணே. ஏழு குடுவைக்கு முன்னாடி நன்றி சொல்றவன் வடக்கத்தியான்!"

ஆகா, வந்து மாட்டினாரா!

நெல்தா நிரப்பினாள். உறிஞ்சினார். வாங்கி மறுபடி நிரப்பி அவரிடமே நீட்டினாள். கொதிக்கக் கொதிக்க மூன்றாவது. நான்காவது. மற்றவர்கள் முறை கேட்கவில்லை. அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சோதிடரின் வாய் குழலில், கண் நெல்தாவின் கெண்டியில், விரல்கள் பத்தும் குடுவையைச் சுற்றி. படகில் முதன்முறையாக அமைதி. யாரும் திசை காட்டாததால் தோன்யா ஓதிலியா தனக்குத் தோன்றிய இடத்தைப் பார்த்தாள்.

ஆறாவது குடுவையின்போது இடப்பக்க மதில் முழுசாகக் கழன்றது.

"அம்மாடியோ! மாவு மூட்டை சரியிற மாதிரி சரியுதே!" தோன்யா ஓதிலியா எழுந்தே நின்றுவிட்டாள். "நாப்பது வருஷமா எல்லாரும் இடி இடின்னுதான் சொன்னாங்க. மொதல்ல சத்தமே இல்லாம சரியும்னு ஒருத்தராவது சொன்னாங்களா!" சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நெல்தாவுக்கும் கண் கலங்கியது.

தோன் நொல்பெர்த்தோ திரும்பிப் பார்த்தபோது அலைதான் இருந்தது. குழலிலிருந்து வாயை எடுத்தார்.

"நான் சொன்னேன்ல?"

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் மறுநாள் காலை நெல்தா ரொட்டி வாங்கப் போனபோது, படகேற இருந்த பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி வைத்து, கையில் ரொட்டியைக் கொடுக்காமலே தோன்யா ஓதிலியா பேசிக்கொண்டிருந்தாள்.

"சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. இடப்பக்கம் பாருங்க. அங்கதான் விழும். நான் சொல்றேன்ல?"

இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. உங்களுக்கு என்ன சிரிப்பு, வாசகரே? இதைப் பக்கத்தில் இருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டியபோது, "இரு இரு, இப்பதான் தமாஷே வரப்போகுது" என்று நடுவில் நிறுத்திச் சொன்னது யார்?