‘வருவேன்’ என்று ஒரு சொல் அனுப்பிய படலம்

வாழி, வாழி! எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்பதில் மட்டும் மலையினும் உறுதி படைத்தோன். பிறர் ஒரு மூச்சில் கடந்துபோகும் கேள்வியை ஒரு பருவம் முழுதும் முற்றுகையிட்டு, விடையைக் கோட்டைவிட்டு, வேறு பல கேள்விகளைச் சிறைபிடித்து மீண்ட செருக்களச் சிங்கம். ‘டீக்குச் சர்க்கரை வேணுமா’ என்று கேட்ட கடைக்காரர்முன் ‘வேணும்ங்கிறதை எந்த அர்த்தத்துல கேக்குறீங்க’ என்று எதிர்க்கணை தொடுத்து, அதன் பயனாய்ச் சர்க்கரையில்லாத் தேநீரையே ஆண்டாண்டாய்ப் பருகிவரும் தவச்செல்வன். தத்துவத்தில் முனைவர் பட்டம் வேண்டிப் பல்கலைக்கழக வாயில்தோறும் விண்ணப்பக் கணை எய்து, எய்தவை யாவும் ‘வருந்துகிறோம்’ என்னும் சொல்லைக் கவ்விக்கொண்டு திரும்பிவரக் கண்டும், கொடாக்கண்டர் கூட்டத்தின் எதிரே வில்லைத் தாழ்த்தாத விடாக்கண்டன். கண்ணாடிக்கடை இருட்டறையின் தனிப்பெருஞ் சக்கரவர்த்தி, நம் நாயகன் வாழி!

இனி அவையடக்கம். இக்காவியம் பாடப் புகுந்த நான் பெரும்புலவன் அல்லேன். நாயகனை நெருங்கி அறிவேன் என்பது ஒன்றே என் தகுதி. அவனும் நானும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறோம். அவனுக்குப் பல் வலித்தால் எனக்கும் வலிக்கும். ஆகவே அவன் வீரத்தைச் சற்றுக் கூட்டியும் அசட்டுத்தனத்தைச் சற்றுக் குறைத்தும் பாடியிருப்பேனாயின் சான்றோர் பொறுத்தருள்க. குறைத்துப் பாடியும் இவ்வளவு வந்திருக்கிறது.

அவன் ஆண்ட நாடு கடைத்தெருவின் முனையில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுபவருக்கும் நடுவில் இருந்தது. அதன் முன்புறம் முதலாளியின் ஆட்சி. அவர் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கி, ஊசிமுனைத் திருப்புளி ஏந்தி, தளர்ந்துபோன மூக்குக்கண்ணாடிகளின் காதுகளை நாள் முழுதும் முறுக்கிக்கொண்டிருப்பார். பின்னறையின் இருட்டு நாயகனுக்கு உரியது. அங்கே ஒளிரும் எழுத்துப்பலகை. ஒரு சுழல் நாற்காலி. வெல்வெட்டுப் பள்ளங்களில் லென்ஸுகள் அணியணியாய்த் துயிலும் மரப்பெட்டி. வந்தமர்ந்தார் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை ஏற்றி, ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடி, மறுகண்ணில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா’ என்று அவன் வினவுவான். அவர்கள் விழிபிதுங்கி, ‘ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு’ என்று தடுமாறுவார்கள். அப்போது அவன் எழுப்பும் போர்முழக்கம் ஒன்று உண்டு.

“யோசிக்காதீங்க. பார்த்ததும் என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

யோசிப்பதையே பிழைப்பாக்கிக்கொள்ள ஏங்கிய ஒருவன், ஊராரை யோசிக்காதீர்கள் என்று அதட்டிச் சம்பளம் வாங்கிவந்தான். இதிலுள்ள வேடிக்கை அவனுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

அவன் ஆராயத் துணிந்த பொருள் யாதெனில், ‘முழுதும் தெரியாத நிலையில் முடிவெடுப்பது எங்ஙனம்’ என்பது. அறிவுடையோன் நம்பிக்கையில் துள்ளாமலும் ஏமாற்றத்தில் துவளாமலும், வருவது வரட்டும் என்று அமைதியாய்க் காத்திருப்பான் என்று அவன் விண்ணப்பத்தோடு இணைத்த மாதிரிக் கட்டுரை ஐயந்திரிபற நிறுவியது. அந்த அமைதிக் கட்டுரையை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய அவன் எழுதிய மின்னஞ்சல்கள் கட்டுரையைவிட நீளம்.

இது அவனுடைய மூன்றாம் படையெடுப்பு. முதலிரண்டிலும் விழுப்புண் பட்டு வீழ்ந்தவனை வீட்டுக்குள் அனுமதித்துச் சோறு போட்டவள் அவன் தமக்கை. அஞ்சலகக் கவுண்டரில் அமர்ந்து, ‘இது போய்ச் சேருமா’ என்று கேட்டு வருவோர்க்கெல்லாம் ‘போகும்’ என்னும் ஒற்றைச் சொல்லை முத்திரையோடு சேர்த்துக் குத்தி அனுப்பும் பெருமாட்டி. அவள் மூன்றாம் படையெடுப்பின் தொடக்கத்தில், துணி மடித்துக்கொண்டே, ஓர் அரசாணை பிறப்பித்தாள்.

“இதுதான் கடைசி. இந்தத் தடவையும் வரலைன்னா, அப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

நாயகன் தலையசைத்தான். அசைத்த தலைக்குள் பயம் புகுந்தது. இம்முறையும் கதவு சாத்தப்பட்டால், தான் படித்ததையும் யோசித்ததையும் கேட்க இந்த உலகில் ஓர் அறைகூட இல்லை என்று ஆகிவிடும் என்று அவன் பயந்தான். இந்த ஓரிடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

குளிர் குறைந்து வெயில் ஏறத் தொடங்கிய காலத்தே மறுப்போலைகள் அணிவகுத்து வந்தன. ஒரு பல்கலைக்கழகம் இருமுறை வருந்தியது. முதல்முறை வருந்தியது அதற்கு மறந்துபோயிற்று போலும். மற்றொன்று, விண்ணப்பித்தோர் அனைவரும் மிகத் தகுதியுடையோர் என்று முகமன் கூறியபின் கதவைச் சாத்தியது. இறுதியில் ஒரே ஒரு கோட்டை எஞ்சி நின்றது. கடல்கடந்த குளிர்நாட்டுக் கோட்டை அது. அதன் இணையப் பக்கத்தில் நாயகன் பெயருக்கு எதிரே ‘பரிசீலனையில்’ என்னும் சொல் மட்டும் அசையாது கிடந்தது.

ஒருநாள் அச்சொல்லின் பின்னே ஒரு முற்றுப்புள்ளி தோன்றிற்று. முந்தின நாள் அது இருந்ததா இல்லையா? இருந்திருந்தால் பொருளில்லை, இல்லையென்றால் யாரோ ஒருவர் அங்கே கைவைத்திருக்கிறார், கைவைத்தவர் ஒரு முடிவோடுதான் வைத்திருப்பார். உலகெங்கும் இவனைப்போல் விண்ணப்பித்துவிட்டு உறக்கமிழந்தோர் கூடிப் புலம்பும் இணைய மன்றம் ஒன்று உண்டு. அங்கே சென்று ‘உங்கள் முற்றுப்புள்ளி எப்படி இருக்கிறது’ என்று ஒற்றாடினான். சிலருக்கு இருந்தது, சிலருக்கு இல்லை. புள்ளியுடையார் புள்ளியிலாரைப் பொறாமையோடும், புள்ளியிலார் புள்ளியுடையாரைப் பொறாமையோடும் நோக்கினர். பின்னர் ஒருவர், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்ததில் தமக்கிருந்தது அதில் ஒட்டிய தூசி என்று அறிவித்தார். கண்ணாடிக்கடை வீரன் தன் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்க அஞ்சினான்.

இவ்வாறு நெஞ்சு நைந்து, மறுநாட்காலை போனை இருட்டறை மேசையின் இழுப்பறைக்குள், லென்ஸ் துடைக்கும் துணிகளுக்கு அடியில் சிறைவைத்து, வானும் மண்ணும் கேட்க, முக்கியமாக முதலாளி கேட்க, வஞ்சினம் மொழிந்தான்.

“கடை சாத்துற வரைக்கும் இதைத் தொட்டா நான் மனுஷனே இல்லை.”

காலைத் தேநீர் வருவதற்குள் அவன் மனிதனாக இல்லாமல் போனான். துணி எடுக்கத்தான் இழுப்பறையைத் திறந்தான். திறந்த கை துணியை விட்டுப் போனைப் பற்றியது. மதங்கொண்ட களிறு பாகன் சொல் மீறிக் கரும்புக்காட்டுள் புகுவதுபோல் அவன் கட்டைவிரல் திரையில் புகுந்து கீழிழுத்து விட, புதுப்பிக்கும் வட்டம் சுழன்றது, சுழன்றது, தேர்ச்சக்கரமாய்ச் சுழன்று நின்றது. வந்திருந்தது மருந்துக்கடையின் தள்ளுபடி அறிவிப்பு. நாயகன் போனை மீண்டும் சிறையிட்டான். மீண்டும் துணி தேவைப்பட்டது. அன்று அவ்வறையிலிருந்த லென்ஸுகளெல்லாம் அதற்குமுன் என்றும் கண்டிராத தூய்மை எய்தின.

இந்நிலையில், தையற்கடை அம்மையார் ஒருவர் வந்து சுழல் நாற்காலியில் அமர்ந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பது அவர் குறை. நாயகன் இரும்புச் சட்டத்தை ஏற்றினான், இடக்கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடினான், வலக்கண்ணில் ஒரு லென்ஸைச் செருகினான், மற்றொன்றை எடுத்தான். அப்போது இழுப்பறைக்குள் இடி உருண்டது. போன் அதிர, துணிகள் அதிர, லென்ஸ் பெட்டி அதிர, நாயகன் ஈரற்குலை அதிர்ந்தது. ‘ஒரு நிமிஷம்மா’ என்றான். வரலாற்றில் பல பேரழிவுகள் இச்சொல்லோடுதான் தொடங்கியிருக்கின்றன.

கோட்டையிலிருந்து ஓலை வந்திருந்தது. நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். அவர் விலகி இடம் கிடைத்தால் வருவீர்களா? இன்று மாலைக்குள் சொல்லுங்கள். ஒரு சொல் போதும்.

வேறு எவனாயினும் ‘வருவேன்’ என்று அடித்து அனுப்பிவிட்டு அம்மையாரின் வலக்கண்ணுக்குத் திரும்பியிருப்பான். பானை செய்பவனும், கப்பல் ஓட்டுபவனும், வரி வசூலிப்பவனும் அதைத்தான் செய்திருப்பார்கள். நம் நாயகனோ தத்துவம் பயின்றவன். ‘வருவீர்களா’ என்னும் சொல்லைக் கண்டதும் அவன் உள்ளத்துள் போர்முரசு அதிர்ந்தது. கேட்கப்படுவது யாது? வரப்போவதை முன்னறிந்து கூறுதலா? வருவதாக வாக்களித்தலா? வரவேண்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவித்தலா? கோட்டையின் தேர்வுக்குழுவினரும் தத்துவியலார் அல்லரோ. இது ஒரு சோதனையாகவும் இருக்கலாமே. ஒரு சொல் போதும் என்றது, ஒரு சொல்லோடு நிற்பவன் யார், நிற்காதவன் யார் என்று பிரித்தறியும் சூழ்ச்சியாகவும் இருக்கலாமே.

எழுதத் தொடங்கினான். முதற்பத்தியில் ‘வருவேன்’ என்பதன் பொருள்களை வகுத்தான். அடுத்த பத்தியில், நிறைவேறுமா என்று தெரியாத ஒரு நிபந்தனையின்மேல் தரும் வாக்கு வாக்காகுமா என்று வினவினான். அதன்பின், வாக்காகும் என்று தான் கருதுவதாகவும், ஆயினும் அக்கருத்துக்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் உண்டென்றும், அதைத் தானே எழுப்புவதாகவும் மொழிந்தான். ஆட்சேபம் உண்மையிலேயே வலுவாக இருந்தது. அதற்கு விடையிறுக்க முடியாதவன், அதை ஓர் அடிக்குறிப்புக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு மேற்சென்றான். வெளியே வெயில் சாய்ந்தது. ‘ஆக, மேற்சொன்ன எல்லைகளுக்கு உட்பட்டு’ என்று முடிவுரையின் தலைவாயிலை அவன் அணுகும்போது, இருளினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

“தம்பி, ஒரு கண்ணை மூடி வெச்சுட்டு எங்க போயிட்டீங்க? மூக்கு வலிக்குது.”

நாயகன் திடுக்கிட்டான். அம்மையார் அவன் வைத்தபடியே, இரும்புச் சட்டம் மூக்கை அழுத்த, ஒற்றைக் கண்ணால் எழுத்துப்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெட்கத்தால் முகம் கறுத்துச் சுழல் நாற்காலியிடம் ஓடினான். ஓடியும் போனை விட்டானில்லை. இடக்கையில் முடிவுரை, வலக்கையில் லென்ஸ். ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா’ என்றான். அம்மையார் நெடிது நோக்கினார். ‘ரெண்டுலயும் தெரியுது. ஆனா இதுல கொஞ்சம் பெருசா, அதுல கொஞ்சம் கறுப்பா... எப்படிச் சொல்றது’ என்று தயங்கினார். பழக்கதோஷத்தால் நாயகன் வாய் தானே திறந்து முழங்கிற்று.

“யோசிக்காதீங்க. பார்த்ததும் என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

முழங்கியவன் தன் முழக்கத்தைத் தானே கேட்டான். இத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை. இடக்கையில் ஒளிர்ந்த முடிவுரையைப் பார்த்தான். அதன் மேலே, கோட்டையின் ஓலையில், மாலைக்குள் என்று எழுதியிருந்தது. வாசலில் முதலாளி விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தான் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

பத்திகள் சாய்ந்தன. ஆட்சேபம் அழிந்தது. அடிக்குறிப்பு தன் சிறையோடு மாண்டது. தானே கட்டிய சொற்கோட்டையைத் தன் கட்டைவிரலாலேயே கடைசி எழுத்துவரை இடித்துத் தரைமட்டமாக்கி, அப்பொட்டலில் நின்று ‘வருவேன்’ என்று அடித்தான். அனுப்பினான். அம்மையார், ‘இதுவே இருக்கட்டும்’ என்று முதல் லென்ஸைத் தேர்ந்தார். அன்று அவ்விருட்டறையில் இருவர் முடிவெடுத்தனர்; அவரது முடிவு மட்டும் சட்டென்று பயன் தந்தது, கையோடு கொண்டுவந்திருந்த ஊசியில் நூல் ஏறிற்று.

கோட்டையிலிருந்து மறுமொழி விரைந்து வந்தது. நன்றி, உங்களுக்கு முன்னால் இருப்பவருக்கும் இதே கேள்வியை அனுப்பியிருந்தோம், அவர் ‘வருவேன்’ என்று சொல்வதற்கு முன் சில கருத்துகளைத் தெளிவுபடுத்த வேண்டியிருப்பதாகவும், கூடுதல் அவகாசம் வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார், தெரிந்ததும் சொல்கிறோம்.

நாயகன் அதை மீண்டும் மீண்டும் படித்தான். எங்கோ ஓரூரில், ஏதோ ஒரு கடையின் பின்னறையில், ஒருவர் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்காக யாரோ ஒருவர் ஒற்றைக் கண்ணோடு காத்திருக்கிறார். தன் வாழ்வு அந்த மனிதர் முடிவுரைக்கு வருவதில் தொங்குகிறது என்றறிந்தும் அவனால் அவர்மேல் கோபம் கொள்ள முடியவில்லை, தன்மேலும் முடியவில்லை. இருட்டறையில் தனியே நின்று சிரித்தான். என்னவோ ஏதோவென்று முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வாறாக, ஐயக்கடல் நடுவே ஒற்றைச் சொல்லைத் தெப்பமாகப் பற்றிப் பிடித்து, தூசியோ புள்ளியோ என்று இனிக் கலங்கேன் எனக் கண்ணாடி துடைத்து, வருவது வரட்டும் என்னும் தன் கட்டுரையின் கூற்றை முதன்முதலாய்ப் படித்தவன்போல் வியந்து, வெயில் முதிர்ந்து மழை தொடங்கும் காலம்வரை வாயில்நோக்கி இமையாது நின்ற மாவீரன், இருட்டறை வேந்தன், மூவெழுத்து ஐயத்தை நாலெழுத்துச் சொல்லால் வென்றோன், விடாக்கண்டன், விழுப்புண்ணன், வாழி, வாழி, வாழி!

இடம் கிடைக்கவில்லை, ‘அடுத்த வருஷத்துக்கு அப்ளிகேஷன் எப்போ போடணும்’ என்று அக்காவே கேட்டாள்.