புகழ்ந்ததால் தோற்ற முறைப்பாடு

பதுளை,
19.11.2023

மதிப்பும் அன்பும் மிகுந்த சிவஞானம் மாமா அவர்களுக்கு, மருமகள் விஜயலெட்சுமி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். அத்தையும் நீங்களும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் காது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கப்போவதில்லை. அது நேற்றே தெரிந்துவிட்டது.

நேற்று உங்களை நேரில் பார்த்துப் பேசத்தான் புறப்பட்டேன். கொஸ்லந்தைப் பக்கம் மண் சரிந்திருக்கிறது என்று பெரகலச் சந்தியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மழையில் ஸனூஸ் நானாவின் தேநீர்க் கடை வாசலில் ஒதுங்கி நின்று உங்களுக்குப் போன் எடுத்தேன். "மாமா, பாரபட்சம்னு முறைப்பாடு குடுத்தேன்ல, அத தள்ளிட்டாங்க!" என்று கத்தினேன். நீங்கள், "பாராட்டா? ரொம்ப சந்தோசம்மா! மால போட்டாங்களா?" என்றீர்கள். இன்னும் உரக்கக் கத்தினேன். உங்களைத் தவிர சந்தியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஸனூஸ் நானா பிளேன்டீயை நீட்டி, "விடாதீங்க தங்கச்சி, மேல எழுதிப் போடுங்க" என்றார். மேலே எழுதிப் போடத்தானே முப்பது வருடம் தொழிற்சங்கக் கந்தோரில் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு மனு எழுதிய உங்களைத் தேடி வந்தேன்! கடைசியில் நீங்கள், "ஒண்ணும் வெளங்கலம்மா, நடந்தத நடந்தபடி எழுதி அனுப்பு" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மாமா, இந்த அரசாங்கக் காரியாலயத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம். என் வேலை பதிவேடு. கோப்பு வரும், இலக்கம் போட்டு உரிய மேசைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தமிழ் பேசுகிற யார் வாசலில் கால் வைத்தாலும் எல்லா விரலும் என் மேசையைக் காட்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முதியோர் கொடுப்பனவு, ஒருமுறை காணாமல் போன மாடு வரைக்கும் என்னிடம்தான் வந்திருக்கிறது. மாட்டுக்கு நான் என்ன செய்வேன்? ஆனாலும் சிங்களத்தில் பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாடும் கிடைத்தது, மறுநாளிலிருந்து கூட்டம் இன்னும் கூடியது. இந்த வேலைக்கு எனக்கு உத்தரவும் இல்லை, பெயரும் இல்லை. லீவு கேட்டால் மட்டும் பிரதான இலிகிதர் ஐயா சிங்களத்தில் உருகிப்போவார். "விஜயலெட்சுமி மிஸ், நீங்க இல்லாட்டி இந்தக் கந்தோர் நடக்குமா?" என்பார். லீவு கிடைக்காது.

போன வருடம் பதவியுயர்வுக்கான பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சேவைக் காலப்படி நான்தான் முதல். அனுப்பியதோ பக்கத்து மேசைத் தயானியை. எனக்கு எட்டு வருடம் பின்னால் வந்த சிங்களப் பிள்ளை அவள். போய்வந்தாள், பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள், அன்றிலிருந்து தமிழ் ஆட்களை என்னிடம் காட்டும் விரல்களில் முதல் விரல் அவளுடையது. ஏன் என்னை அனுப்பவில்லை என்று ஐயாவிடம் கேட்டேன். "உங்க பைல் எல்லாம் நிலுவையில கெடக்கே மிஸ்" என்றார். கிடக்காமல் என்ன செய்யும்? ஒரு கந்தோருக்கே வாயாக இருக்கிறவளுக்குக் கை எங்கே மிஞ்சும்?

அன்று வந்த ஆத்திரத்தில் மேலிடத்துக்கு எட்டுப் பக்கம் முறைப்பாடு எழுதினேன், தமிழில். நம் மொழியில் எழுதுவது நம் உரிமை என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அந்த உரிமையின் பலன் ஒரு மாதம் கழித்து என் மேசைக்கே வந்தது. கோப்பைத் திறந்தால் என் கையெழுத்து! மேலே ஒரு துண்டு: 'சிங்களத்தில் மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக்கு முன் தரவும்.' தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம். நானே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன் மாமா. பத்தொன்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? தமிழில் 'இது அப்பட்டமான அநியாயம்' என்று எழுதியிருந்தேன். சிங்களத்தில் அது 'இவ்விடயம் தங்கள் கனிவான கவனத்திற்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று ஆகிவிட்டது. எட்டுப் பக்கக் கோபம் மூன்றரைப் பக்க மரியாதையாகச் சுருங்கியது.

செப்டெம்பரில் விசாரணை. குழுவில் மூன்று பேர், மூவருக்கும் தமிழ் தெரியாது. குழுவுக்குரிய மொழிபெயர்ப்பாளர் பிரசவ லீவில் இருந்தார். "பரவாயில்ல, மிஸ்ஸுக்கு ரெண்டு மொழியும் தெரியுமே" என்று தலைவர் முடித்துவிட்டார். எனக்கு ஒரே சாட்சி, மடுல்சீமையிலிருந்து வந்த ரெங்கம்மா. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர் என்று மூன்று ஆளாக அலைந்தவர். அந்த மூன்று பேரையும் ஒருத்தியாக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. நல்ல சேலை உடுத்தி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "இந்த மிஸ் தன் வேலைக்கு மேலதிகமாக உங்கள் வேலையும் செய்தாரா?" என்று கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். ரெங்கம்மா கும்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்:

"அந்தப் புள்ள இல்லாட்டி எங்களுக்கு யாருங்க இருக்கா? போனா ஒக்கார வச்சு, தண்ணி குடுத்து, எல்லாத்தையும் முடிச்சுத்தாங்க அனுப்பும். அந்தக் கந்தோர்ல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அங்க இருக்க ஐயாமாரெல்லாம் நூறு வருசம் நல்லா இருக்கணும்!"

'ஒரு குறையும் இல்லை' என்பதை நான் விழுங்கியிருந்தால் அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்காது. நூறு வருடத்தையும் விழுங்கியிருக்கலாம். ஆனால் ரெங்கம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் வரவில்லை, சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். மூன்று பேனாவும் ஒரே நேரத்தில் எழுதின. வெளியே வந்ததும் ரெங்கம்மா, "நல்லா சொன்னேனா புள்ள?" என்று கேட்டார். "நல்லா சொன்னீங்கம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

தீர்ப்பு எப்படி இருக்கும் என்று இனி நான் சொல்லவா வேண்டும்? 'பொதுமக்களுக்கு எக்குறையும் இல்லையெனச் சாட்சியே கூறுகிறார். முறைப்பாட்டாளர் அனைவராலும் மதிக்கப்படுகிறார். தமது முறைப்பாட்டைக்கூடக் குறித்த நாளுக்கு முன்பே மொழிபெயர்த்துள்ளமையால் அவருக்கு வேலைப்பளு இருப்பதாகத் தெரியவில்லை. நிராகரிக்கப்படுகிறது.' வாசித்தபோது என்னையறியாமல் அதில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன் மாமா. வெட்கக்கேடு.

மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் தவணை. கடிதத்தில் உள்ள திகதி எட்டு. என் கைக்கு வந்தது பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை. இடையில் அது எங்கே இருந்தது? ஐயாவின் மேசை லாச்சிக்குள். "தீபாவளிக்கு முன்னுக்குக் குடுத்தா ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னு வச்சிருந்தேன்" என்றார். பண்டிகையைக் காப்பாற்றிக் கொடுத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? புதன்கிழமை கடைசி நாள். மேன்முறையீடு அவருடைய கையெழுத்தோடுதான் போகவேண்டுமாம். "என்னப் பத்தியும் நல்லதா ரெண்டு வரி போடுங்க மிஸ்" என்கிறார்.

வீட்டில் இவரோ, "விட்டுத் தொல விஜி, இன்னும் ஆறேழு வருசத்துல பென்சன்ல போயிரலாம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கிறார். விட முடியவில்லை மாமா. சோறு இறங்கவில்லை, துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன். பதவி கிடைக்காவிட்டாலும் போகிறது. பத்தொன்பது வருடம் நான் செய்தது ஒரு வேலை என்று ஒரு காகிதத்திலாவது இருக்கவேண்டாமா? எனக்கு மரியாதையாகத்தான் எழுத வருகிறது. நீங்கள் கோபமாக எழுதிக் கொடுங்கள். தயானியைப் பற்றி நன்றாக உறைக்கும்படி நான்கு வரி கட்டாயம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தும் வாய் திறக்காதவள், சிரித்துச் சிரித்தே என் இடத்தில் ஏறியவள் என்று எழுதுங்கள்.

பாதை திறந்துவிட்டதாம். நாளை மாலை கொஸ்லந்தை பஸ் கண்டக்டர் முஸ்தாக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அவரிடமே பதிலைக் கொடுத்துவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவர் காலையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன், ஆசி மட்டும் பஸ்ஸுக்குக் காத்திராமல் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
விஜயலெட்சுமி

பி.கு. (திங்கட்கிழமை மாலை): மாமா, நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். மேன்முறையீடு இன்று பிற்பகலே போய்விட்டது. காலையில் தேநீர் நேரத்தில் தயானி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, பயிற்சிக்குப் போற எடம் ஒங்களோடது. எனக்கு அப்பவே தெரியும். பயத்துல பேசாம இருந்துட்டேன்" என்று சிங்களத்தில் சொல்லி, இரண்டு பக்கக் கடிதத்தை நீட்டினாள். குழுவுக்கு அவள் எழுதியது. சேவைக் காலப்படி போகவேண்டியவர் நான் என்றும், கடந்த மூன்று மாதத்தில் மட்டும் எண்ணூற்றுப் பதின்மூன்று பேரைத் தானே என் மேசைக்கு அனுப்பியதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு கொப்பியில் நாள்வாரியாகக் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறாள்! நான் மூன்றே பக்கம் எழுதி அதோடு சேர்த்துக் கொண்டுபோனேன். ஐயா வாசித்துவிட்டு வெகுநேரம் பேனாவைத் தேடினார். அது சட்டைப்பையிலேயே இருந்தது. பிறகு கையெழுத்து வைத்தார். முடிவு என்னவாகுமோ தெரியாது. ஆனால் இன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மேலே தயானியைப் பற்றி எழுதியதையெல்லாம் தயவுசெய்து பேனாவால் நன்றாக அழித்துவிடுங்கள், அத்தை வாசிப்பதற்கு முன். தன் கடிதத்தைத் தரும்போது தயானி, "அக்கா, எழுத்துப் பிழை இருந்தா திருத்துங்க" என்றாள். இரண்டு இடத்தில் இருந்தது. கை துடித்தது மாமா, ஆனாலும் திருத்தவில்லை. திருத்தினால் அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பார்கள்.