அம்புக்குறி சாரின் பலகை

ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘நேச்சுரல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்கிற காலேஜ் கணக்கைச் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் அம்புக்குறி சார்தான். வேறு யாராவது உண்டென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தார். லண்டனில் படித்த கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஓர் அம்பு வரைவார். கல்யாணப் பந்தியில் சாம்பாரிலிருந்து ரசத்துக்கு விரலாலேயே அம்பு இழுத்துவிட்டு, பாயசம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே சொத்து ஒரு கரும்பலகை. இரும்பு மாதிரி கெட்டியான செங்கால் மரத்தில் செய்தது, ஆளைவிட நீளம். அதை யாராவது தொட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

நாங்களும் பின்வீட்டுப் பாத்திமா குடும்பமும் குனோங் ராபாட்டில், கட்டி முடிக்கும் முன்பே, முதுகோடு முதுகாக வீடு வாங்கினோம். பாத்திமாவின் கூட்டாளியான என் ஆறு வயது மகள் செல்வி வர மறுத்துவிட்டாள்.

“அங்க பாத்திமா வீட்டுக்கு வழி இல்லன்னா நான் வரலம்மா.”

கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி அழுதாள்.

சார் பலகையில் நாலு வட்டம் போட்டார். மேலே பழைய வீடுகள், கீழே புது வீடுகள்.

“பாரு செல்வி. இங்க பாத்திமா வீட்டுக்கு நடந்து போயி அவங்க லோரில ஏறிக்கலாம். இல்ல, உங்க லோரில போயி அங்க நடந்து போலாம். ரெண்டு வழியும் ஒரே வாசல்ல போயி நிக்கணும். அதான் நேச்சுரல் டிரான்ஸ்ஃபர்மேஷன்லா.”

“நிக்குமா சார்?”

“கட்டாயம் நிக்கும்.”

அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். மனிதர் புது வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குடிபோன அன்று சாமான் இறக்க சாரும் வந்திருந்தார். செல்வி பின்கதவைத் திறந்தாள். எதிரே பாத்திமா தன் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். நடுவில் பிள்ளைகள் தாண்ட முடியாத அகலத்தில் லோங்காங். கறுப்பாகச் சாக்கடைத் தண்ணீர் ஓடியது. சுற்றிப் போனால் லோரிகள் பறக்கும் பெரிய ரோடு.

“சார், கணக்கு தப்பு,” என்றாள் செல்வி. அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏன் வாத்தியாரே, பச்சப்புள்ளகிட்ட இப்படியா கதை விடுவீங்க?” என்று பிடித்துக்கொண்டேன். அவர் ஹோண்டாவை உதைத்துக் கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு லோரியோடு வந்தார். லோரியில் கரும்பலகை.

“சார், அது உங்க பலகைலா.”

“கணக்கு சரியா வரணும்ல அக்கா.”

பலகையை லோங்காங்குக்குக் குறுக்கே போட்டார். முதலில் தானே ஏறி, நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். பிறகு சாக்கட்டியை எடுத்து, எங்கள் பக்கத்திலிருந்து பாத்திமா வீட்டுக்கு ஓர் அம்பு வரைந்தார்.

“அப்ப நான் எப்படி வர்றது?” என்றாள் பாத்திமா.

சார் கொஞ்சம் யோசித்தார். திருப்பி இன்னோர் அம்பு வரைந்தார்.

மழை பெய்தால் அம்புகள் அழிந்துவிடும். மறுநாளே புந்தோங்கிலிருந்து ஹோண்டா வந்துவிடும். குந்தி உட்கார்ந்து இரண்டையும் மறுபடி வரைவார். சாக்கட்டிக் கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள் என்று நான் திட்டுவேன், குடிப்பார். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? சார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. இன்றைக்கும் மழை விட்டால் என் கை தானாக அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறது.