தவளைக்கு ஒரு பூசை

பூசைக் காட்சியில் நின்ற வயதான துணை நடிகர்களில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு மூட்டத் தெரியவில்லை. இயக்குநர் கெண்டல் ப்ரௌட்டிக்கு அதுதான் தலைவலி.

கலிபோர்னியாவின் வடக்கே, நண்பகலிலும் வெளிச்சம் இறங்காத ரெட்வுட் மரக் காட்டில் படப்பிடிப்பு. பெரும் முதலாளிகளும் அரசியல் பெரும்புள்ளிகளும் கோடையில் ரகசியமாகக் கூடும் கிளப்பை நையாண்டி செய்கிற படம். அங்கி மாட்டிக்கொண்டு, மரத்தில் செதுக்கிய ஆளுயரத் தவளையை அவர்கள் கும்பிடுவதுதான் உச்சக்காட்சி. காட்டில் படமெடுக்க இன்றோடு அனுமதி முடிகிறது. இந்தக் காட்சி இல்லையென்றால் படமே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய கெண்டலுக்கு இதுதான் முதல் படம்.

"கட்" சொன்ன பிறகும் கிழவர்கள் மந்திர முனகலை நிறுத்தவில்லை. கெண்டல் கத்தினார். முனகல் நின்றது, பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். கேமரா ஓடியதும் மறுபடி கல் முகங்கள்.

கத்திப் பயனில்லை என்று கெஞ்சிப் பார்த்தார். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. ஒரு கிழவரைத் தனியே நிறுத்தி, கோடீஸ்வரன் இப்படியா கூனிக்கொண்டு நிற்பான், கொஞ்சம் திமிர் வேண்டாமா என்று கேட்டார். கிழவர் பணிவாகத் தலையாட்டினார்.

"எப்படின்னு நீங்களே செஞ்சு காட்டுங்களேன், தம்பி."

கெண்டல் அவருடைய அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டார். தவளை முன் மண்டியிட்டு, என் கவலையை எல்லாம் விழுங்கிவிடு என்று கோமாளிக் குரலில் வேண்ட ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. விட்டுப்போன மனைவி, பேசாத மகள், நடக்காமலே போன படங்கள் எல்லாம் வாய்க்கு வந்தன. நடிப்பு எங்கே முடிந்ததென்று அவருக்கே தெரியவில்லை. தவளையின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

கிழவர்களிடமிருந்து நிதானமான கைதட்டல் எழுந்தது.

கேமராவை விட்டு வந்த ஒளிப்பதிவாளர் ரெனாட்டா அவர் காதருகே குனிந்தாள். "கெண்டல், நான் காலையிலேர்ந்து கவனிக்கறேன். இவங்க ஒருத்தர்கூடத் தவளையைப் பாக்கல. உன்னைத்தான் பாக்கறாங்க."

அதற்குள் கிழவர்கள் அங்கிகளைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வரிசையாக ஒற்றையடிப்பாதையில் இறங்கிவிட்டார்கள். காட்சி பாக்கியிருக்கிறது என்று கெஞ்சிக்கொண்டே கெண்டல் பின்னால் ஓடினார். ஒருவரும் திரும்பவில்லை.

பாதை முடிகிற இடத்தில் துணை நடிகர்களுக்கான பஸ்ஸைக் காணோம். நீளமான கறுப்புக் கார்கள் நின்றன. கடைசிக் கிழவரை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திய டிரைவர், கெண்டலின் ஈர முகத்தைப் பார்த்துக் கைக்குட்டையை நீட்டினான்.

"கிளப்புப் பெரியவங்களுக்கு இன்னிக்குத்தான் மனசு நெறஞ்சிருக்கு சார், அவங்களையே கிண்டல் பண்ணிப் படமெடுக்கச் சொல்லி வருஷாவருஷம் பணம் கொடுத்து ஒரு டைரக்டரை வரவழைப்பாங்க, போன வருஷம் வந்தவரு கடைசிவரைக்கும் அழவேயில்ல."