கேசரிக்கு வந்த எறும்பு

அறிவியல் உலகத்தை மூன்று வாரம் ஏமாற்றியவன் நான். பெரிய உலகம் இல்லை, நான்கே பேர் கொண்ட ஆய்வுக்கூடம்தான். ஆனாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எறும்பு ஆராய்ச்சியில் ஒப்பந்த உதவியாளர் வேலை. (உறவினர்களிடம் ‘பயோடைவர்சிட்டி’ என்று சொல்லிவைத்திருந்தோம். எறும்பு என்றால் யாரும் பெண் தரமாட்டார்கள் என்பது அம்மாவின் கவலை.) என் சீனியர் மெய் லிங், முனைவர் பட்டத்துக்காக ஒரே ஓர் எறும்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில், இலைச்சருகுக்கு அடியில் வாழும் பழுப்பு எறும்பு. கடுகு அளவுதான் இருக்கும். சிங்கப்பூரில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அது என்ன தின்னும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தால்தான் அவளுடைய கடைசி அத்தியாயம் முடியும்.

முறை எளியதுதான். சிறு அட்டைகளில் டூனா மீனைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்துச் சருகின் மேல் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டூனா கொண்டுவருவது என் பொறுப்பு. என் போதாத காலம், அது புரட்டாசி மாதம்.

வெள்ளிக்கிழமை மாலை டூனா டப்பாக்களோடு பூன் லேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே மறித்தார்.

“என்னடா அது?”

“டூனாம்மா. எறும்புக்கு.”

“நாளைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. மீனு உள்ள வரக்கூடாது.”

“டப்பா மூடித்தாம்மா இருக்கு.”

“உள்ள என்ன இருக்குன்னு பெருமாளுக்குத் தெரியாதா? வெளியவே வை.”

டப்பாக்கள் காரிடாரில் செருப்பு அலமாரியின் மேல் தங்கின. மறுநாள் காலை அவற்றைக் கடந்து, அம்மா பெருமாளுக்குப் படைத்துவிட்டுக் கட்டிக்கொடுத்த கேசரியோடு எம்ஆர்டி ரயில் ஏறினேன்.

மெய் லிங் சருகு சலிக்க ஒரு பக்கம் போனாள். நான் இன்னொரு பக்கம் போய்ப் பையைத் திறந்தேன். இருபது அட்டைகள் இருந்தன, டூனா இல்லை. “மறந்துட்டேன் லா” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் முந்தின வாரம் குப்பிகளை மறந்திருந்தேன், அதற்கு முந்தின வாரம் கையேட்டை. மூன்றாவது முறை சொல்ல வாய் வரவில்லை. அம்மா கேசரிக்குக் கலர்ப்பொடி போடமாட்டார். பிசைந்து வைத்தபோது அது டூனா மாதிரியேதான் இருந்தது. (முந்திரியை நான் தின்றுவிட்டேன். எறும்பால் தூக்க முடியாது என்பது அறிவியல் காரணம்.)

ஏழாவது அட்டையைச் சுற்றிப் பதினோரு பழுப்பு எறும்புகள் வந்திருந்தன.

மெய் லிங் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். “நாலு வருஷம்! கடைசியில டூனாவுக்கு வந்திருச்சு!” (அவள் பேசியது ஆங்கிலம். என் குற்ற உணர்வு எல்லாவற்றையும் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறது.) உண்மையைச் சொல்ல இது நேரமில்லை என்று தீர்மானித்தேன்.

அடுத்த மூன்று வாரமும் அவள் அதே இடத்தில் டூனா வைத்தாள். அந்த எறும்பு வரவில்லை. எண்ணெயை மாற்றினாள், பிராண்டை மாற்றினாள். கொட்டும் மழையில் அட்டையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். நான் குடை பிடித்தேன். சரியாகச் சாப்பிடக்கூட மாட்டாள். தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

வாராந்தரக் கூட்டத்தில் பேராசிரியர் கேட்டார்: “அன்றைக்கு வைத்தது எந்த டூனா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கேசரி,” என்றேன்.

அதுவும் ஒரு பிராண்ட் என்று நினைத்து ஒருவர் குறித்துக்கொண்டார். நான் ரவையிலிருந்து ஆரம்பித்துப் பெருமாள் வரை விளக்க வேண்டியிருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அளவுகள்?” என்றார்.

மெய் லிங் கத்தவில்லை. வெளியே வந்த பிறகு, “மழையில எனக்குக் குடை பிடிச்சியே, அப்பகூடச் சொல்லத் தோணலையா?” என்றாள்.

சனிக்கிழமை அவள் எங்கள் சமையலறைக்குத் தராசோடு வந்தாள். அம்மா தேக்கா சந்தையில் புது ஏலக்காய் வாங்கி வைத்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன்.

“ரவை எவ்வளவு ஆன்ட்டி?”

“ஒரு கை.”

“நெய்?”

“ரவை குடிக்கிற வரைக்கும் ஊத்தணும்.”

மெய் லிங் ஒவ்வொரு கரண்டியையும் எடைபோட்டாள். பரீட்சை எழுதுவதுபோல் அம்மா ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் முகத்தைப் பார்த்தார். முடிந்ததும் அம்மா அவளை உட்காரவைத்து, “இவன் பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேம்மா, சாப்பிடு” என்றார். அதை நான் மொழிபெயர்க்கும் முன்பே அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

காட்டில் இருபது அட்டைகளிலும் கேசரி வைத்தோம். தீவிலுள்ள சாதாரண எறும்புகள் எல்லாம் குடும்பத்தோடு வந்தன. அந்தப் பழுப்பு எறும்பு மட்டும் வரவில்லை. பல முறை வைத்தும் வரவில்லை.

“நெய் கொறஞ்சிருச்சோ?” என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார்.

மெய் லிங்கின் பட்டம் ஆறு மாதம் தாமதமானது. கடைசி அத்தியாயம் ஒல்லியாக வந்தது. அதில் ஒரு வரி: ரவை இனிப்புக்கு ஒரு முறை வந்தது, மீண்டும் வரவில்லை. அந்த ஆறு மாதமும் நான் எதையும் மறக்கவில்லை, அவளும் தேவைக்கு மேல் என்னிடம் பேசவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அம்மாதான் அவளைக் கூப்பிட்டார். இப்போது ஆண்டு தவறாமல் வருகிறாள். எங்கள் வீட்டில் யார் கேசரி போதும் என்று கையால் தட்டை மறைத்தாலும் அப்பா சொல்வதற்கு ஒரு வசனம் உண்டு. போன தீபாவளியன்று நான் போதும் என்றேன். அப்பா வாயைத் திறக்கும் முன் மெய் லிங் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்து, அதைத் தமிழிலேயே சொன்னாள்:

“சாப்பிடு லா. அந்த எறும்புதான் ரெண்டாவது வாட்டி வரல.”