குழாய் ஐயாவிடம் வந்த பேசாத நோயாளி

ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் குழாய் ஐயா குடியேறியிருந்தார். இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஞானக்கண் என்றார்கள் பக்தர்கள். வியாபாரக்கண் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தைரியமில்லை.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். வயிறு உப்பியவர்கள், வயிறு இறுகியவர்கள், வயிறு நிற்காமல் போகிறவர்கள்.

"பித்தளைக் குழாயை வயித்துமேல வைப்பாரு. ஒரே உறிஞ்சு. என்னைக்கோ எவளோ சோத்துல கலந்து கொடுத்த வசிய மருந்து உருண்டையா வெளிய வந்துடும்."

"அப்போ எதுத்தாப்புல ஸ்கேன் எதுக்கு?"

"அது வெறும் படம் புடிக்கும். இவரு ஆளையே புடிச்சுக் கொடுத்துடுவாரு."

வியாதிக்குக் காரணம் கிருமி என்றால் யாரோடும் சண்டை போட முடியாது. சொந்தக்காரி என்றால் எவ்வளவு வசதி.

அந்தக் கூட்டத்தில் தையற்காரியும் நின்றாள். மாதக்கணக்காக வயிற்றோடு போராடுகிறவள். ஒரு வாரம் கல்லாக இறுகும், மறுவாரம் தண்ணீராக ஓடும். இடையில் ரத்தமும் பட்டது. டாக்டர் குடல் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். குடல் காலியாக இருந்தால்தான் படம் தெரியுமாம். அதற்காகக் கஞ்சித்தண்ணீரோடு கிடந்து, பேதி பவுடரைக் கரைத்துக் குடித்து, முந்தின நாள் முழுக்கக் கழிப்பறையில் குடியிருந்தாள். ஸ்கேன் அன்று மதியம். காலையிலேயே நாத்தனார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, என்னால நிக்க முடியல."

"நின்னுதான் ஆகணும். மிஷின் வெளிச்சம் பட்டா உள்ள இருக்கிறது கருகிக் குடலோட ஒட்டிக்குமாம். ஐயாவே சொல்லியிருக்காரு."

ஐயாவுக்குச் சில விரதங்கள் உண்டு. பெண்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அதனால் அரையிருட்டில் பாயில் படுக்கவைத்து, உச்சி முதல் பாதம் வரை கறுப்புத் துணியால் போர்த்த வேண்டும். போர்த்துவது கூட வந்தவர் பொறுப்பு. நோயாளி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருப்பது ஒளிந்துகொள்ளும். கேள்வி கேட்காத, முகம் தெரியாத நோயாளி. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கூட இந்தக் கொடுப்பினை இல்லை.

தையற்காரி படுத்தாள். துணிமேல் குழாய் பதிந்தது. ஐயா கன்னம் ஒட்ட உறிஞ்சினார். தட்டில் ஏதோ பொத்தென்று விழுந்தது. முடி சுற்றிய சோற்று உருண்டை.

"கல்யாணமான புதுசுல கொடுத்தது. கொடுத்தவ குடும்பத்துப் பொண்ணு. வயிறு லேசா இருக்காம்மா? தலையை மட்டும் ஆட்டு."

லேசாகத்தான் இருந்தது. துணிக்குள் தலை ஆடியது.

"அப்போ ஸ்கேன் வேண்டாம். வீட்டுக்குப் போ."

படியிறங்கும்போதே நாத்தனார் தீர்ப்பு எழுதிவிட்டாள். "உன் ஓரகத்திதான். வேற யாரு? பாலும் கையுமா வருவாளே, அப்பவே எனக்குச் சந்தேகம்."

கீழே, மருந்துக்கடை பெஞ்சில் தையற்காரியின் புருஷன் ஸ்கேன் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டார். சிரிக்கவில்லை.

"நேத்து பாத்ரூம் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சது எனக்கு. கடைசியில என்ன சொன்ன? வெறும் தண்ணிதான் போகுதுன்ன. அவ்வளவு வெள்ளத்துல அந்த உருண்டை மட்டும் எதைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு?"

தையற்காரி யோசித்தாள். வயிறு லேசானது மாடியில் அல்ல, வீட்டுக் கழிப்பறையில். பவுடர் செய்த வேலைக்குக் குழாய் பெயர் வாங்கிக்கொண்டுவிட்டது.

"ஆனா அவர் சொன்னது நிஜமா இருந்துட்டா? வெளிச்சம் பட்டுக் கருகிட்டா?" என்றாள். பயம் அவ்வளவு சீக்கிரம் பேதியாகிப் போய்விடுவதில்லை.

"சோதிச்சுப் பாத்துடலாம். கடைச் சாவியைக் கொடு."

அவள் தையற்கடை அடுத்த தெருவில். போனவர் அரைமணியில் திரும்பினார், தோளில் போர்வை சுற்றிய ஓர் உருவத்தோடு.

"யாருடா அது?" என்றாள் நாத்தனார்.

"தம்பி பொண்டாட்டிதான்க்கா. அவளுக்கும் வயிறு சரியில்லையாம். மயங்கிக் கிடக்கிறா."

"குத்தவாளியே வந்துட்டாளா? வா, முதல்ல நான் ஏர்றேன்."

அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான். "பாவம், முத்திப்போச்சு போல" என்று கூட்டம் வழிவிட்டது. தையற்காரி பாயில் கிடத்தி, தானே கறுப்புத் துணியைப் போர்த்தினாள். நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

குழாய் பதிந்தது. கன்னம் ஒட்டியது. பொத்.

"அடடா, இது முன்னதைவிடப் பழசு. கல்யாணமான புதுசுல கொடுத்தது. கொடுத்தவ குடும்பத்துப் பொண்ணு. வயிறு லேசா இருக்காம்மா? தலையை மட்டும் ஆட்டு."

துணி அசையவில்லை.

"ஆட்டும்மா, பயப்படாத."

"அங்கதாங்கய்யா சிக்கல்," என்று தையற்காரி துணியை உருவினாள்.

பாயில் கிடந்தது ரவிக்கை அளவு பார்க்கும் பஞ்சுப் பொம்மை. கழுத்துக்குமேல் ஒரு மரக்குமிழ். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை.

ஐயா அசரவில்லை. "பொம்மைக்கும் வெச்சிருக்காங்க. கடை விளங்கக் கூடாதுன்னு வெச்சது." கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். பழக்கம்.

"இதுக்கு எப்பய்யா கல்யாணமாச்சு?" என்றாள் நாத்தனார். "யாரைக் கட்டிக்கிச்சு, தையல் மிஷினையா?"

ஆசை ஆசையாகக் கண்டுபிடித்த குற்றவாளி கைநழுவிய கோபம் அவளுக்கு. எழுந்து போய் ஐயாவின் மடியில் கிடந்த சால்வையை இழுத்தாள். ஒரு டப்பா உருண்டு திறந்தது. உள்ளே வரிசையாகச் சோற்று உருண்டைகள், எல்லாவற்றிலும் முடி.

"ஊர்ல இருக்கிற ஓரகத்தி எல்லாம் இந்த டப்பாவுலதான் இருந்தாளுங்களா?"

ஐயாவுக்குத் திடீரென்று மௌன விரதம் வந்துவிட்டது.

தையற்காரி மதியம் ஸ்கேன் அறைக்குப் போனாள். கூடவே வந்து கையைப் பிடித்துக்கொண்டவள் நிஜ ஓரகத்தி. நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடலின் வளைவில் ஒரு வளர்ச்சி தெரிந்தது. "இப்பவே வந்தீங்க, எடுத்துடலாம். போட்டு வெச்சிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். எடுத்தார்கள். அதில் முடி இல்லை, சோறு இல்லை, எந்தச் சொந்தக்காரியின் பெயரும் எழுதியிருக்கவில்லை.

மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் படியில் நின்று, "ஐயா வேற எங்கயாவது உறிஞ்சுறாரா?" என்று விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதிரே இருப்பவர்கள் வயிற்றைக் காலி செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு பவுடர் போதும். மாடிக்குப் போக வேறொன்றைக் காலி செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படியில் தலையில்லாமல் ஏறியது பொம்மை ஒன்றுதானா என்பதை, ஏறியவர்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.